நிற்பதற்கு முன்னால் எப்படி இருந்தது?

2023 மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை. ஓஹையோவில் நாங்கள் இருக்கும் பக்கம் அந்த மாதத்தில் புல் வெறி பிடித்தாற்போல் வளரும். மழை, இளவெயில், மறுபடி மழை. திங்கட்கிழமை வெட்டினால் சனிக்கிழமைக்குள் கணுக்காலைத் தொட்டுவிடும். ஒன்றரை ஏக்கரைக் கையால் தள்ளும் புல்வெட்டியால் வெட்டித் தீர்க்க முடியாது. உட்கார்ந்து ஓட்டும் மோவர் ஒன்று வீட்டோடு சேர்ந்தே எங்களுக்கு வந்தது. 42 அங்குல வெட்டு அகலம், ஒற்றை சிலிண்டர், 17.5 குதிரைத்திறன். அன்று ஷெட்டைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கடைசியாக அதை ஓட்டியது 2021 அக்டோபரில். அடுத்த வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுவதும் ஒரு பையன் தன் வண்டியைக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தான். என் வண்டி 19 மாதம் அசையாமல் நின்றது, இடையில் இரண்டு பனிக்காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே வந்து எட்டிப் பார்த்து, இத்தனை நாள் நின்ற வண்டி அப்படித்தான் என்றார். அலுவலகத்தில் சொன்னேன், அங்கேயும் அதே பதில். என் மனைவியும் அதையே சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அறுவைக்குப் பின் ஆறே வாரத்தில் என் தொடை எவ்வளவு இளைத்துவிட்டது என்று பிசியோதெரபி செய்தவர் டேப்பால் அளந்து காட்டியிருந்தார். சும்மா இருந்தால் எது வேண்டுமானாலும் கெடும் என்று நம்ப எனக்குப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

அந்த நம்பிக்கை என்னை மூன்று வாரம் அலைய வைத்தது. பொய்யான நம்பிக்கையாக இருந்திருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருப்பேன். அதில் முக்கால்வாசி உண்மை இருந்ததுதான் தொல்லை.

முக்கால்வாசி உண்மை

பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். 12 வோல்ட் ஈய பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மீட்டர் 4 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. இன்னொரு சேதமும் உண்டு. சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். நிறைந்த பேட்டரி எந்த ஓஹையோ குளிரையும் தாங்கும், காலியான பேட்டரி பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்துவிடும். என் பேட்டரியின் பக்கச் சுவர் லேசாக உப்பியிருந்தது. ஆக, சந்தேகமே இல்லை, இது நின்றதால் வந்தது. புதிது வாங்கிப் போட்டேன்.

இப்போது 'டக்' சத்தத்தோடு எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, எதிலோ முட்டிய மாதிரி நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி அரைச் சுற்று.

இந்த வண்டிகளில் பாதுகாப்புக்கென்று ஸ்விட்ச்கள் உண்டு: சீட்டுக்கு அடியில் ஒன்று, பிரேக்கில் ஒன்று, பிளேடு லிவரில் ஒன்று. பிரேக்கை மிதிக்காமலோ பிளேடு லிவரை விடுவிக்காமலோ சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவே எடுக்காது. கோளாறு என்று வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் இவற்றைத்தான் பழி சொல்வார்கள். ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் சாவியிலிருந்து, செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு வரை கரண்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்விட்ச்களைத் தொடத் தேவையில்லை.

அடுத்து எர்த் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பி, எஞ்சின் உடம்பில் ஒரு கம்பி, மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். அந்த ஒயர் சரியாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே நிற்க வேண்டும். 1.4 வோல்ட் காட்டியது. அதாவது பேட்டரி கொடுப்பதில் அவ்வளவு அந்த ஒயரிலேயே வீணாகிறது. சேஸிஸில் அது போல்ட் போட்டிருந்த இடத்தில் துரு பொருக்காக இருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கி, திரும்ப முறுக்கினேன். 0.1-க்கு வந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். ஈர ஷெட்டில் 19 மாதம் நின்றது, துருப் பிடித்தது, கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

அரைச் சுற்று. நிறுத்தம்.

அப்போது நான் செய்தது பெரிய தவறு. பேட்டரியும் சரி, ஒயரும் சரி, அப்படியானால் நின்று நின்று செல்ஃப் மோட்டாருக்குள்ளேயும் துரு ஏறியிருக்கும் என்று முடிவு கட்டினேன். கழற்றிச் சோதித்துப் பார்க்கவில்லை. 'நின்றதால்' என்ற ஒரு சொல் எனக்காகச் சோதனை செய்து முடித்துவிட்டது. புது செல்ஃப் மோட்டாருக்குப் பணம் கட்டி, நான்கு நாள் காத்திருந்து மாட்டினேன். அதுவும் அரைச் சுற்றில் நின்றது. அதற்குள் புல் ஏறக்குறைய முழங்காலுக்கு வந்துவிட்டது. இங்கே பல ஊர்களில் புல் எட்டு அங்குலத்தையோ பத்து அங்குலத்தையோ தாண்டினால் நகராட்சியிலிருந்து கடிதம் வரும். நானும் தினம் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கேள்வி

என் தாய்மாமா காங்கேயம் பக்கம் இருக்கிறார், வயது 78. எங்கள் ஊர்த் தோட்டங்களுக்குக் கரண்ட் வருவதற்கு முந்தைய காலத்தில், கிணற்று மேட்டில் நின்ற ஆயில் எஞ்சின்களுக்கு அவர்தான் வைத்தியர். சைக்கிள் கேரியரில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு அதிகாலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போன் பேசுவது வழக்கம். அந்த ஞாயிறு பேச்சுக்கு நடுவில், வண்டி எடுக்கவில்லை என்று சும்மா சொன்னேன். வீடியோவில் காட்டு என்றார். போனை மகனிடம் கொடுத்துச் சாவியைத் திருப்பினேன்.

"இன்னொருக்கா" என்றார். திருப்பினேன். "இன்னொருக்கா." திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் போனுக்குக் கொடுத்திருந்தார்.

"மாமா, ரெண்டு வருசமா நின்னு போச்சுங். அதனாலதான்..."

"நின்னதுனாலன்னு எல்லாரும் சொல்லுவாங்க மாப்ள. நிக்கறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரமாக அந்த ஷெட்டில் மண்டியிட்டு இருக்கிறேன், அந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்டதில்லை. யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. 2021 கோடையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முதலில் ஒரு நொடி தயங்கும். ஒரு மூச்சு முட்டிவிட்டு அப்புறம்தான் சுற்றும். பாதி வெட்டி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால் இரண்டு மூன்று தடவை திருப்ப வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய வருடமும் கொஞ்சம் அப்படித்தான். அன்றைக்கு பேட்டரி புதிதாக இருந்தது, அதனால் எப்படியோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஓடிவிட்டதால் நான் அதைக் கோளாறு என்று நினைக்கவே இல்லை. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப அது கம்ப்ரஷன்ல முட்டுது. மொதல்ல ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாரு, பெட்ரோல் வாடை அடிக்குதான்னு. அப்புறம் பிளக்கைக் கழட்டிட்டுச் சுத்தி உடு."

கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம். ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. கார்புரேட்டர் மிதவை சிக்கிக்கொண்டால் டாங்க் பெட்ரோல் மெல்லக் கசிந்து சிலிண்டரை நிரப்பிவிடும், அப்போதும் எஞ்சின் இப்படித்தான் முட்டும். அதைத்தான் அவர் முதலில் ஒதுக்கப் பார்த்தார் என்று பிறகு புரிந்தது. பிளக்கைக் கழற்றி, ஒயரை ஓட்டையிலிருந்து எட்ட ஒதுக்கிவைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் விர்ரென்று சுற்றியது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக. செல்ஃப் மோட்டாரில் துருவும் இல்லை, பலக்குறைவும் இல்லை. நான் கழற்றிப் போட்ட பழைய மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.

"டீகம்ப்ரஷன் லிவர் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"இதுல லிவரெல்லாம் கிடையாதுங் மாமா. சாவி மட்டுந்தான்."

"இல்லாம எப்படி மாப்ள சுத்தும்? கண்ணுக்குத் தெரியாம எங்கியாச்சும் வெச்சிருப்பான். பாரு."

அந்த லிவரை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு ஒன்பது வயதில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, மாமா எஞ்சின் எடுப்பதைப் பார்ப்பதுதான் என் லீவு நாள் பொழுதுபோக்கு. இடது கையால் எஞ்சின் தலையில் இருக்கும் சின்ன லிவரைத் தூக்கிப் பிடிப்பார். வலது கையால் ஹேண்டிலைச் சுற்றுவார். லிவர் தூக்கியிருக்கும்வரை வால்வு திறந்தே நிற்கும், உள்ளே காற்று அழுந்தாது, 'புஸ் புஸ்' என்று மூச்சு மட்டும் விடும். பெரிய ஃப்ளைவீல் வேகம் பிடித்ததும் லிவரைப் பட்டென்று விடுவார். 'டுப்' என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அப்புறம் தோட்டம் முழுக்கக் கேட்கும் டுப்டுப்டுப். லிவரைத் தூக்காமல் சுற்றினால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அழுத்த மேட்டைத் தாண்ட முடியாது. ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். என்னை அதன் பக்கத்திலேயே விடமாட்டார்.

என் மோவரின் செல்ஃப் மோட்டாரும் அந்த ஹேண்டிலைச் சுற்றும் கை மாதிரித்தான். ஒற்றை சிலிண்டரில் அந்த அழுத்தத்தைச் சின்ன மோட்டாரும் சின்ன பேட்டரியும் தனியாகத் தாண்டுவது கஷ்டம். அதனால் வால்வுகளைத் தூக்கும் தண்டான கேம்ஷாஃப்டிலேயே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சில எஞ்சின்களில் கேம் மேல் ஒரு சின்ன மேடு. சிலவற்றில் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் நீட்டிக்கொண்டு, வேகம் பிடித்ததும் விலகிக்கொள்ளும் சிறு எடை. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஒரு வால்வைக் கொஞ்சூண்டு தூக்கி, அழுத்தத்தில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். மாமாவின் இடது கை அங்கே உலோகமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அது தூக்கும் உயரம் மிகச் சின்னது, அட்டை கனம்தான். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே, டேப்பட்டில், ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். வருடக்கணக்கான தேய்மானத்தில் அந்த இடைவெளி அகன்றால் கேம் தூக்குவதை இடைவெளியே தின்றுவிடும். வால்வு அசையாது. எஞ்சின் ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். எடுக்கும்போது மட்டும் முட்டும்.

ஃபீலர் கேஜ்

மறுநாள் மாலை மேல்மூடியைக் கழற்றினேன். ஃப்ளைவீலுக்கு மேலே இருக்கும் தகரக் கூட்டைத் தூக்கியதும் உள்ளே ஒரு எலிக்கூடு. காய்ந்த புல், பஞ்சு, என் பழைய கையுறையின் துண்டுகள், கைப்பிடி அளவு விதைகள். காற்றுப் போய் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய உலோகச் செதில்கள் ஒரு பக்கம் முழுக்க அடைபட்டிருந்தன. இது நிச்சயமாக நின்றதால் வந்தது. இதைப் பார்க்காமல் எஞ்சினை எடுத்து ஓட்டியிருந்தால் அந்தப் பக்கம் குளிராமல் சிலிண்டர் தலையே போயிருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கப்போகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: சாவியைத் தொடுவதற்கு முன் அந்தத் தகரக் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். ஐந்தாறு போல்ட்தான். ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

வால்வு கவரைத் திறந்தேன். பிளக் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்தேன். அங்கிருந்து கால் அங்குலம் கீழே இறக்கச் சொல்லியிருந்தது கையேட்டில். உச்சியிலேயே அளந்தால் அந்தச் சின்ன மேடு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அளவு பொய்யாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லை. என் எஞ்சினுக்கு உள்ளிழுக்கும் வால்வில் 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியேற்றும் வால்வில் 0.005 முதல் 0.007 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒன்றில் 0.011, இன்னொன்றில் 0.014. விரலால் ஆட்டினாலே, வால்வை அழுத்தும் ராக்கர் 'லொட லொட' என்றது.

எனக்குக் கை நடுங்கியது. பயத்தால் இல்லை. இத்தனை நாள் ஊமையாக இருந்த ஒன்று வாய் திறந்த மாதிரி இருந்தது. நட்டை நகர்த்தி, தகடு லேசாகப் பிடித்து இழுபடும் அளவுக்கு வைத்து, பூட்டி, மறுபடி அளந்தேன். 0.004, 0.006. மறுபடி ஃப்ளைவீலை இரண்டு சுற்றுச் சுற்றி இன்னொருமுறை அளந்தேன். மாறவில்லை. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். செலவு, வால்வு கவருக்கு ஒரு புது கேஸ்கெட்.

பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். தடையே இல்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் பற்றவில்லை.

இந்தத் தடவை எனக்குப் பதற்றம் வரவில்லை. சுற்றாத எஞ்சின் வேறு, சுற்றியும் பற்றாத எஞ்சின் வேறு. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இது இரண்டாவது. தீப்பொறி வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. பிளக் ஓட்டையில் கால் டீஸ்பூன் புதுப் பெட்ரோல் விட்டு மூடி, சிந்தியதைத் துடைத்துவிட்டுத் திருப்பினேன். இரண்டு நொடி உறுமி அணைந்தது. அப்படியானால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இங்கே பங்கில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாக இறுகும். டாங்கை முதல் வாரமே வடித்திருந்தேன். வார்னிஷ் வாடை அடித்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தை மறந்துவிட்டேன். கழற்றினால் அடியில் பச்சையும் பழுப்புமாகப் படிவு, பெட்ரோல் போகும் மெயின் ஜெட்டின் துளை முழுக்க அடைப்பு. ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் துளையைத் திறந்து, கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து மாட்டினேன். பெட்ரோல் குழாய், ஃபில்டர் இரண்டும் புதிது.

மூன்றாவது சுற்றில் பற்றிக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை, இருமல், அப்புறம் சீரான ஓட்டம்.

ஆக, நின்றதால் வந்தவை நான்கு: பேட்டரி, எர்த் துரு, எலிக்கூடு, கார்புரேட்டர். நிற்பதற்கு முன்பே இருந்தது ஒன்று. அந்த நான்கும் உண்மையாக இருந்ததால்தான் அந்த ஒன்று அவற்றின் நிழலிலேயே ஒளிந்திருக்க முடிந்தது. பேட்டரியையும் எர்த் ஒயரையும் சரிசெய்தபோது ஒவ்வொரு முறையும் 'இதுதான்' என்று நிம்மதி வந்தது; அந்த நிம்மதி எனக்கு இன்னமும் உறுத்துகிறது. பேட்டரி மட்டும் இன்னும் ஒரு வருடம் உயிரோடு இருந்திருந்தால் அந்த டேப்பட்டைத் திறந்திருக்கவே மாட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு தடவை, மூன்று தடவை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு மாமாவுக்குக் கூப்பிட்டு, ஓடும் சத்தத்தைக் கேட்க வைத்தேன். அதை அவர் சரியாகக் கேட்டமாதிரியே தெரியவில்லை. "ஓடறது கெடக்குது. நிறுத்திட்டு எடு" என்றார். நிறுத்திவிட்டு எடுத்தேன். "மறுக்கா." எடுத்தேன். நான்காவது தடவைக்குப் பிறகுதான் "ம்" என்றார். எவ்வளவு இடைவெளி வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அங்குலக் கணக்கு அவருக்குப் பழக்கம்தான், தலையாட்டிக்கொண்டார். பிறகு மழை பெய்ததா, புள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சு மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் புல் வெட்டி முடிக்க இருட்டிவிட்டது. அவ்வளவு உயர்ந்த புல்லை ஒரே மூச்சில் வெட்டினால் வேர் வாடும் என்பதால் பிளேடை மேலே தூக்கி வைத்து ஒரு தடவை, நான்கு நாள் விட்டு இறக்கி இன்னொரு தடவை. வண்டியை ஷெட்டில் விட்டதும் கதவின் உட்புறத்தில் பென்சிலால் தேதி போட்டு 0.004, 0.006 என்று எழுதினேன். அதற்குக் கீழே, சாவியைத் திருப்பியதும் எப்படிச் சுற்றியது என்று ஒரு வரி. இப்போது ஒவ்வொரு அக்டோபரும் வண்டியை மூடுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் புதிதாக எழுதுகிறேன். போன அக்டோபர் வரி: 'தயக்கம் இல்லை. முதல் திருப்பிலேயே.'